பள்ளிக்கு முந்தைய ஆறு மாதங்கள்

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வேளையில் திண்டுக்கல் கடைவீதிகளில் புத்தகப்பையும் சீருடையும் வாங்கப் பெற்றோர் திரள்வதைக் காண்கிறோம். மூன்று வயதுப் பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்கவும் தயங்காத குடும்பங்கள் நம்முடையவை. ஆயினும் அவற்றுள் பல, பிள்ளை பெற்ற தாய் ஆறு மாதம் வேலைக்குச் செல்லாதிருப்பதைப் பெரும் இழப்பாகக் கருதுகின்றன. இக்கணக்கு மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

தாய்ப்பாலுக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். பெலாரஸ் நாட்டில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ 17,000 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. மகப்பேறு மருத்துவமனைகளுள் ஒரு பகுதியில் தாய்மார்களுக்குப் பாலூட்டுவதற்கான கூடுதல் துணை அளிக்கப்பட்டது. மற்றவற்றில் வழக்கமான கவனிப்பே தொடர்ந்தது. துணை பெற்ற தாய்மாரின் குழந்தைகள் ஆறரை வயதில் மொழித்திறனில் முன்னின்றனர். வாசிப்பிலும் எழுத்திலும் ஆசிரியர்கள் அவர்களுக்கு உயர்ந்த மதிப்பளித்தனர். பதினாறு வயதில் அவ்வேறுபாடு பெரிதும் குறைந்து, மொழித்திறனில் மட்டும் சிறிதளவு எஞ்சியது.

ஆகவே தாய்ப்பால் மந்திரமன்று. அது ஒரு நல்ல தொடக்கம். பாலூட்டும்போது தாய் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகிறாள். குழந்தை அவள் குரலைக் கேட்கிறது. மொழியின் முதற்பாடம் அம்மடியிலேயே தொடங்குகிறது.

அத்தொடக்கத்துக்குத் தேவையானது தாயின் நேரம். வேடசந்தூர் நூற்பாலைகளிலும் நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களிலும் உழைக்கும் பெண்களுக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. சட்டம், தகுதியுள்ள பெண் தொழிலாளர்க்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று குழந்தையைக் காணலாம். இது சலுகையன்று, உரிமை, கேட்டுப் பெறுங்கள். தினக்கூலிக்குத் தோட்டம் செல்லும் பெண்ணுக்கோ இத்தகைய விடுப்பு இல்லை. அவளுக்கு விடுப்பளிக்க வேண்டியது குடும்பமே.

வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டுங்கள். சேனை வைத்தல் என்னும் பெயரில் சீனித் தண்ணீரோ தேனோ கொடுக்காதீர்கள். நம் ஊர்க் கோடையிலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. வேண்டிய நீர் தாய்ப்பாலிலேயே உள்ளது. ஆறு மாதம் நிறைந்தபின் இணை உணவு தொடங்கி, இரண்டு வயது வரையிலும் பாலூட்டலைத் தொடரலாம். முன்னதாகவே வேலைக்குத் திரும்ப நேர்ந்தால், பாலைத் தூய பாத்திரத்தில் பீய்ச்சி மூடிவைத்துப் பாலாடையால் புகட்டலாம். வெப்பமான அறையில் அது விரைவில் கெடும் என்பதால், சேமிக்கும் முறையைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

உடல்நலக் குறைவாலோ பிற காரணத்தாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உள்ளனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அவர்தம் குழந்தைகளும் அணைப்பாலும் பேச்சாலும் நன்கு வளர்வார்கள். உரிய மாற்று உணவை மருத்துவர் கூறுவார்.

எனவே கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுவே: தண்ணீர் எடுப்பதையும் துணி துவைப்பதையும் சமையலையும் ஆறு மாதம் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நாளை பள்ளிக்கட்டணத்துக்கு ஒதுக்கப்போகும் பணத்தில் சிறு பகுதியை, இன்று தாய் இழக்கும் கூலிக்கு ஈடாகக் கருதுங்கள். பிள்ளையின் படிப்புக்கு நீங்கள் செய்யும் முதற்செலவு அதுவாகட்டும்.