உளூ நீரும் ஓர் அமானிதமே

இரவு துயிலுமுன் 'தபாரக்' அத்தியாயத்தை ஓதும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. திருமறையின் 67ஆம் அத்தியாயமாகிய அது, ஒரு வினாவோடு நிறைவுறுகின்றது. உங்கள் நீர் நிலத்தின் ஆழத்தில் சென்று மறைந்துவிட்டால், ஊற்றுநீரை உங்களுக்குக் கொணர்பவர் யார் என்று இறைவன் கேட்கின்றான். நாவால் நாள்தோறும் ஓதும் நாம், அவ்வினாவின் பொருளை எண்ணிப் பார்க்கின்றோமா?

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னை மாநகர், 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிகளை எதிர்நோக்கிக் குடங்களுடன் நின்றது. புவி வெப்பமடைவதால் பெருமழையும் கடும் வறட்சியும் மிகுந்து வரும் என்கின்றனர் அறிவியலார். மழை பெய்யும் காலத்தில் மண்ணுக்குள் சேமிக்காத ஊர், அது பொய்க்கும் காலத்தில் தவிக்கவே நேரும்.

1987இலும் 2002இலும் வகுக்கப்பட்ட தேசிய நீர்க் கொள்கை, 2012இல் புதுப்பிக்கப்பட்டது. நீர் சமுதாயத்தின் பொதுச் செல்வம். அரசு அதன் அறங்காவலர் என்பது அதன் கருத்து. பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்கொள்ளவும் அது வலியுறுத்துகின்றது. நமக்கு இது புதிதன்று. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையன்றோ! அவர்கள் அறங்காவல் என்பதை நாம் அமானிதம் என்கின்றோம்.

கொள்கை ஏட்டளவில் நிற்கின்றது என்று அரசைக் குறை கூறுகின்றோம். அதில் உண்மை உண்டு. ஆனால் நம் பொறுப்பிலுள்ள பள்ளிவாசலின் நிலை யாது? ஹவுளில் அள்ளி உளூச் செய்த இடங்கள் பலவற்றில் இன்று குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. தலைக்கு மஸ்ஹு செய்யும் பொழுதும் குழாய் நீர் வீணே ஓடுகின்றது. அண்ணலாரோ ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்தார்கள். அது ஏறத்தாழ முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையே. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் கூடாதென ஸஃது (ரலி) அவர்களுக்கு உணர்த்தியதாகவும் அறிவிப்பு உண்டு. நம் பள்ளியின் ஆழ்துளைக் கிணறு இறைப்பது, அண்டை வீட்டார் கிணற்றுக்கும் உரிய நீரையே. பிறர் பங்கை வீணாக்கிவிட்டுத் தொழுகையில் நிற்பது எங்ஙனம் தகும்?

உளூவில் பயன்பட்ட நீர் மறுபடியும் உளூவுக்கு ஆகாது. எனினும் அது அசுத்தமன்று என்பது மார்க்கச் சட்டம். அத்தகைய நீரைச் சாக்கடையில் கலக்க விடுவானேன்? தனிக் கால்வாய் அமைத்துக் கபரஸ்தானின் மரங்களுக்குப் பாய்ச்சலாம். வடிகட்டி நிலத்துள் இறக்கலாம். 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி நம் பள்ளியில் தூர்ந்து கிடக்கின்றதா என்பதை, இன்றைய ஜும்ஆ முடிந்தவுடன் ஜமாஅத்தார் சென்று காணட்டும். அதன் பின்னர், ஏரிகளைத் தூர்வாருங்கள், ஆக்கிரமிப்புகளை அகற்றுங்கள் என்று அரசிடம் கேட்கும் நம் குரலுக்கு வலிமை பிறக்கும்.

அருட்கொடை ஒவ்வொன்றைக் குறித்தும் மறுமையில் நாம் வினவப்படுவோம். வல்ல அல்லாஹ் நம்மை வீண்விரயத்தினின்று காத்து, நீரெனும் அமானிதத்தைப் பேணும் நற்பேற்றினை நல்குவானாக! ஆமீன்.