எம் என்றால் என்னடா?



ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் நான் வீணாக்கிய ஒரு போர்டைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட். 40 பின் உள்ள 8051 ஐ.சி.க்கு பி.சி.பி. வரைய வேண்டும். டேட்டா ஷீட் படத்தில் பின்களுக்கு இடையே 2.54 மி.மீ. என்று இருந்தது. பக்கத்தில் பி.எஸ்.சி. என்று மூன்று எழுத்து. "ஐ.சி. டிகிரி முடிச்சிருக்குடா" என்று சிரித்துவிட்டு, கிராஃப் ஷீட்டில் வசதியாக 2.5 வைத்து வரைந்தேன். 0.04 தானே, டாலரன்ஸில் போய்விடும் என்று நினைப்பு!

ஒரு வரிசையில் 20 பின், இடைவெளி 19. 19 × 0.04 = 0.76 மி.மீ. முதல் பின் துளைக்குள் இறங்கியது. கடைசி பின் துளைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

பிறகுதான் படத்தை ஒழுங்காகப் படித்தேன். பி.எஸ்.சி. என்றால் 'பேசிக் ஸ்பேசிங் பிட்வீன் சென்டர்ஸ்'. அந்த 2.54-க்குத் தனியாக டாலரன்ஸ் கிடையாது. அது ஒவ்வொரு பின்னும் இருக்க வேண்டிய சரியான இடத்தைச் சொல்கிறது. எவ்வளவு விலகலாம் என்பது பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது: வட்டத்துக்குள் கூட்டல் குறி, 0.25, வட்டமிட்ட எம். அதாவது ஒவ்வொரு பின்னின் மையமும் தன் இடத்தைச் சுற்றி 0.25 மி.மீ. விட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு பின்னின் பிழை அடுத்த பின்னுக்குச் சேராது.

அந்த எம்? பின் அதன் உச்ச தடிமனில் இருந்தால்தான் 0.25. அதைவிட 0.1 ஒல்லியாக இருந்தால் 0.35 வரை விலகலாம். கூட்டமான பஸ்ஸில் ஒல்லியான ஆளுக்கு அசைய இடம் கிடைக்கிற மாதிரி!

ஆனால் கெப்பாசிட்டரில் 104எம் என்றால் ±20 சதவீதம். ரெசிஸ்டரில் 4எம்7 என்றால் 4.7 மெகா ஓம். கே-யும் இப்படித்தான்: 4கே7-இல் கிலோ, 104கே-யில் ±10 சதவீதம். 104இசட் என்றால் −20 முதல் +80 சதவீதம் வரை. 0.1 மைக்ரோ ஃபாரட் என்று வாங்கியது 0.08 ஆகவும் இருக்கலாம், 0.18 ஆகவும் இருக்கலாம். சப்ளை பைபாஸுக்கு அது போதும். டைமர் சர்க்யூட்டில் போட்டால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் மாறும்.

நாமோ கோல்டு 5, சில்வர் 10 என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படத்தில் உள்ள குறிகளைக் கேட்டால் "அது மெக்கானிக்கல்காரன் சமாச்சாரம்" என்கிறோம். மெக்கானிக்கல் நண்பனோ ஐ.சி. படத்தைப் பார்த்ததே இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. சிலபஸை முடிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

என் யோசனை சின்னது. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் ஒரு பாகத்தின் அளவுப் படத்தை ஒட்டுவோம். அதில் உள்ள குறிகளை நம் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுவோம். மாணவர் மன்றம் நோட்டீஸ் போர்டில் வாரம் ஒரு படம் போடட்டும்.

டாலரன்ஸ் என்றால் 'பரவாயில்லை' என்று நினைத்திருந்தேன். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்பதுதான் அதன் அர்த்தம். எனக்கு ஒரு போர்டு போயிற்று. நாளை வேலைக்குப் போய் இதே தப்பைச் செய்தால் ஆயிரம் போர்டு போகும், தோழர்களே!