நாய்க்கு யார் வைத்தியம் பார்ப்பது?

“நாய் நன்றியுள்ள பிராணி. அது வீட்டைக் காக்கும்.” மூன்றாம் வகுப்பில் இப்படிக் கட்டுரை எழுதாதவர் நம்மில் யாரேனும் உண்டா? எழுதினோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் அந்த நன்றியுள்ள பிராணி ஒரு நாள் காலையில் நொண்டிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. விலங்கியலில் இரண்டாம் ஆண்டு வரை வந்துவிட்ட எனக்கும் தெரியவில்லை. அதனால் விளைந்த கேட்டைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூர் என்னுடையது. கொஞ்சம் சாமை, கொஞ்சம் ஆடு, அவ்வளவுதான் எங்கள் சொத்து. நகரத்து நண்பர்கள் நாயைச் செல்லப் பிராணி என்பார்கள். மலையில் அது கூலி கேட்காத காவலாள். சாமை கதிர் பிடித்துவிட்டால் இரவெல்லாம் காட்டுப்பன்றியை விரட்டுவது எங்கள் மணிதான். அப்பா பரண்மீது படுத்திருப்பார். மணி குரைக்கும் திசையை வைத்தே பன்றி எந்த மூலையில் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். முந்தின இரவு நன்றாக ஓடிய மணி, விடிந்ததும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். “நீ படிச்ச புள்ள, என்னன்னு பாருப்பா” என்றார்.

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவனிடம் தகப்பன் இப்படிக் கேட்கும்போது, தெரியாது என்று சொல்ல நாக்கு எழுமா? காலைத் தொடப் போனேன், மணி உறுமியது, கையை இழுத்துக்கொண்டேன். சுளுக்கு என்று தீர்ப்புக் கூறினேன். அப்பாவின் முட்டிவலிக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதியைச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள், இரண்டு வேளையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் மணி வாந்தி எடுத்தது. அதில் ரத்தம் இருந்தது.

பேருந்தில் நாயை ஏற்ற நடத்துநர் ஒப்பவில்லை. கூட்டத்தில் ஒருவரைக் கடித்தால் யார் பொறுப்பு என்ற அவர் கேள்வியில் தவறில்லை. புளி மூட்டை ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். முதலில் போன மருந்தகத்தில் மருத்துவர் இல்லை. மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட ஊர் ஊராகப் போயிருந்தார். அதுவும் அவர் வேலைதானே! மலையை விட்டு இறங்கி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

அங்கிருந்த மருத்துவர் பழைய வேட்டிக் கிழிசலால் மணியின் வாயைக் கட்டினார். விரல்களை விரித்துப் பார்த்தார். பாதத்தின் மெத்தைகளுக்கு நடுவே முறிந்த முள் ஒன்று சீழ் கட்டி உட்கார்ந்திருந்தது. அதை எடுக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. வாந்திக்கும் வயிற்றுக்கும் ஊசி போடத்தான் நேரம் பிடித்தது. “முள் கொல்லாது தம்பி, மாத்திரைதான் கொன்றிருக்கும்” என்றார். “என்ன படிக்கிறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

இதில் என் வெட்கம் இரட்டிப்பு. பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு நம் நாட்டில் ஏன் அழிந்தது என்பதைப் படித்துத் தேர்விலும் எழுதியவன் நான். மாடுகளுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதை 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் கண்டறிந்தனர். வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99க்கு மேல் மறைந்துவிட்டன. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. இவ்வளவும் தெரியும். அதே மாத்திரையை என் கையாலேயே நாய்க்குக் கொடுத்தபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வயிற்றின் உட்சுவரைக் காக்கும் சுரப்பை இவ்வகை மருந்துகள் குறைத்துவிடும். நாயின் வயிறு நம்முடையதைவிட எளிதில் புண்ணாகும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் எங்கள் மலையிலிருந்து விண்மீன்களைப் பார்க்கிறது. எனக்கோ என் காலடியில் கிடந்த பாதத்தில் இருந்த முள் தெரியவில்லை.

என் கருத்து இதுதான். திடீரென்று நொண்டும் நாய்க்கு முதல் மருந்து மாத்திரை அன்று, பார்வை. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு (மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் கட்டக் கூடாது) விரலிடுக்கு, நகம், மெத்தை என்று கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். விறுவிறு என வீக்கம் ஏறினால் பாம்புக்கடியாக இருக்கலாம். எலும்பு முறிந்திருந்தால் கால் தொங்கும். உண்ணி மிகுந்த நாய்க்குக் காய்ச்சலோடு மூட்டுவலி வரும். இவற்றுக்கெல்லாம் மருத்துவரே வேண்டும். முள்ளுக்கு ஓர் இடுக்கியும் உப்புநீரும் போதும். தவளையின் எலும்புகளைப் பெயர் சொல்லி ஒப்பிக்கும் நமக்கு, செய்முறை வகுப்பில் ஒரே ஒரு பிற்பகல் இதைக் கற்பித்தால் என்ன?

மனிதனுக்கே மலையில் வைத்தியம் அரிது, நாய்க்கு வேறா என்று விடுதியில் ஒரு நண்பன் கேட்டான். வலியில் இருக்கும் நாய்தான் கடிக்கும் என்பதை அவன் மறந்துவிட்டான். வெறிநாய்க்கடிக்கு எதிராகப் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டது 1885 ஜூலை 6. அந்நாளை ஒட்டி நகரங்களில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி போடுகிறார்கள். எங்கள் ஊர் மணிக்கு அந்தத் தேதி தெரியாது. அழைத்துப் போக வண்டியும் கிடையாது. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. அதை அழைக்க நான் பாறைமேல் ஏறி டவர் தேட வேண்டும்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் ஏதேனும் ஓர் ஊரில் முகாம் போடுகிறார்கள். தெரு கூட்டுகிறோம், மரம் நடுகிறோம், நல்லதே. அதில் ஒரு நாளைக் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து நாய்களுக்காக ஒதுக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்து இவ்வாண்டு முகாமை எங்கள் மலையில் வைத்தால், நாய்களைப் பிடித்து வரும் பொறுப்பு என்னுடையது. மணி இப்போது நான்கு காலிலும் ஓடுகிறது. ஆகவே கயிறும் நானே கொண்டு வருகிறேன்.