புல்ஸும் இரண்டு பள்ளிக்கூடப் பையன்களும்

என்.பி.ஏ. டிராஃப்டில் சொதப்பியவர்கள் என்று பேச்சு வந்தால் 2001 சிகாகோ புல்ஸ் கட்டாயம் வந்துவிடும். "ஸ்கூல் பசங்களை எடுத்தா இப்படித்தான்" என்று நேற்று நண்பன் ஒருவனும் ஆரம்பித்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அதற்கு முந்தைய சீசனில் 82 ஆட்டங்களில் 15 மட்டுமே ஜெயித்த அணி அது. தூணாக நின்றவர் எல்டன் பிராண்ட். வயது 22, ஆட்டத்துக்கு 20 புள்ளி, 10 ரீபவுண்ட். மேனேஜர் ஜெர்ரி க்ரவுஸ் அவரைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் இரண்டாவதாக எடுத்த டைசன் சாண்ட்லரை வாங்கினார். நான்காவது இடத்தில் தன் பங்குக்கு எடி கர்ரி. இரண்டு பேருமே அப்போதுதான் பள்ளி முடித்த நெட்டைப் பையன்கள். (நடுவில் மூன்றாவதாகப் போனவர் பாவ் கசோல். அந்த வயிற்றெரிச்சல் தனி!)

பையன்களிடம் சரக்கு இல்லாமலா? 2002-03 சீசனில் லீகிலேயே அதிகக் குறி சதவீதம் கர்ரிக்குத்தான், 58.5. சாண்ட்லர் 2011-ல் டல்லாஸோடு கோப்பை வாங்கினார். 2012-ல் நியூயார்க்குக்கு ஆடி, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். புல்ஸோ அவரை 2006-லேயே, 23 வயதில் அனுப்பிவிட்டது. கர்ரி அதற்கு முந்தைய வருஷமே போயாச்சு.

பதினெட்டு வயசுப் பையன் தேறும் வரை பக்கத்தில் பாரம் சுமக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளையே விலையாகக் கொடுத்ததுதான் தப்பு. பிராண்டை வைத்துக்கொண்டு கர்ரியை மட்டும் எடுத்திருக்கலாம். க்ரவுஸ் இடத்தில் நான் இருந்திருந்தால், அன்று ராத்திரி கிளிப்பர்ஸ்காரன் போனையே எடுத்திருக்க மாட்டேன்.