சுண்ணாம்பு டப்பாவைத் தேடாதீங்க!



தென்னை ஏறுகிறவரையோ, வாய்க்கால் தூர்வாரும் நூறு நாள் வேலைக்காரரையோ கதண்டு கடித்துவிட்டால், நம் கொடுமுடிப் பக்கம் முதலில் கேட்பது "எத்தனை கடிச்சுதுங்க?" என்றுதான். ஒன்றிரண்டு என்றால் சுண்ணாம்பைத் தடவி, "செத்த உக்காருங்க, சரியாப் போயிரும்" என்கிறோம்.

கேள்வியே தப்புங்க. நூற்றுக்கணக்கில் மொய்த்தால் நஞ்சின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், அது வேறு கதை. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கடி போதும்.

குளவி, கதண்டு நஞ்சில் பாஸ்போலிபேஸ் ஏ1, ஹயலூரோனிடேஸ், ஆன்டிஜன் 5 என்ற புரதங்கள் உண்டு. ஒருமுறை கடிபட்ட சிலரின் உடல் இவற்றை எதிரியாகக் குறித்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கும். மறுமுறை கடித்ததும் ஹிஸ்டமின் முதலானவை உடம்பெங்கும் ஒரே நேரத்தில் வெளியேறும். இரத்த அழுத்தம் சரியும், தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். இதுதான் அனாபிலாக்சிஸ். ஆகவே "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்ற தைரியம் வேண்டாம்.

பிரிட்டனில் இப்படி இறந்தவர்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில், பூச்சி கொட்டியதிலிருந்து இதயம் நிற்க ஆன இடைநிலை நேரம் 15 நிமிடம். சுண்ணாம்பு டப்பாவைத் தேடி எடுக்கவே அதில் பாதி போய்விடும்!

சுண்ணாம்பு தோலோடு நின்றுவிடும். அவில் அரிப்பைத்தான் குறைக்கும். டெக்ஸா வேலை செய்ய மணிக்கணக்காகும். உயிரைக் காக்கும் முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். இது விலை குறைந்த மருந்து. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

கொரோனா தடுப்பூசி போட்டதும் நம்மை அரை மணி நேரம் உட்கார வைத்தார்களே, எதற்கு? இதே அனாபிலாக்சிஸுக்குப் பயந்துதான். தடுப்பூசி போடும் இடத்தில் அட்ரினலின் உள்ள பெட்டி இருக்க வேண்டும், அவசரத்தில் கிராம சுகாதார செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்பது அரசின் வழிகாட்டுதல்.

அப்படியானால் கதண்டு கடித்தவருக்கு மட்டும் ஏன் அந்தப் பெட்டி திறக்கக் கூடாது? "செவிலியர் போட்டு ஏதாவது ஆகிவிட்டால்?" என்பார்கள். தடுப்பூசி அன்று நம்பிய அதே கையை மற்ற நாட்களில் நம்ப மாட்டோமா? நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று. கடிபடுகிறவர் மரமேறியும் கூலிக்காரரும் என்பதால்தான் யாருக்கும் அவசரமில்லை என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள். இலங்கை மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் மக்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவது ஓயாத செய்தி. அங்கும் கடிபடுவது கூலிக்காரர்தான்.

ஆகவே, கடித்த இடத்தைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க. உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மல், மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல் இருந்தால் உடனே 108. மயக்கம் வருபவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஓட்டாதீர்கள், நிமிர்த்தி வைத்தாலே அழுத்தம் இன்னும் இறங்கும். மருத்துவமனையில் "அட்ரினலின் போட்டீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

துணை சுகாதார நிலையத்தில் எல்லா நாளும் அட்ரினலின் வேண்டும், கதண்டுக் கடிக்கும் அதைப் போட செவிலியருக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அடுத்த கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டு வாங்க. விருப்பக்குறி போட்டுவிட்டுப் போக வேண்டாம், கை தூக்க வாங்க.