காலணியும் கட்டளையும்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலை பேசும் முறையை வெளியூர்த் தோழர்கள் ஒருமுறையேனும் பார்த்திட வேண்டும். அங்கே வாய் பேசாது, விரல் பேசும். துண்டொன்றை மேலே போர்த்தி, அதன் மறைவில் இருவர் கைகோத்து, விரலைப் பற்றியும் விட்டும் விலை சொல்வர், விலை கேட்பர். ஒரு விரலுக்கு ஆயிரமா, பத்தாயிரமா என்று விரலிலே எழுதி வைத்திருக்கவில்லை. பற்றுகிறவனும் பற்றப்படுகிறவனும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பொருள் அது. பிடிக்காவிட்டால் கையை இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொண்டான் என்பதற்காக எவனையும் ஊரை விட்டு விலக்கி வைப்பதில்லை. எவன் குடிசைக்கும் தீ வைப்பதில்லை.

குறியீடு என்பதன் இயல்பு முழுவதும் அந்தத் துண்டின் அடியிலே அடங்கிக் கிடக்கிறது. கொடியாகட்டும், குங்குமமாகட்டும், தாலியாகட்டும், தலைப்பாகையாகட்டும் - எந்தப் பொருளிலும் பிறக்கும்போதே புனிதமும் இல்லை, தீட்டும் இல்லை. மனிதன் ஏற்றியது, மனிதனால் இறக்கி வைக்கக்கூடியது. இவ்வளவுதானா என்றால், இல்லை. குறியீடுகளில் இரு குலம் உண்டு. ஒன்று, இருவரும் கலந்து உடன்பட்டது. மற்றொன்று, ஒருவன் கட்டளையிட மற்றவன் தலைகுனிந்து ஏற்றது. முன்னதில் இருவருக்கும் வாய் உண்டு. பின்னதிலோ ஒருவனுக்கு வாய், மற்றவனுக்குச் செவி மட்டும்! இந்த இரண்டாவதைக் காட்டி, "இது எங்கள் பண்பாடு, தொன்றுதொட்ட வழக்கம், தொடாதே!" என்று சீறுகிறார்களே பழமைக் காவலர்கள், அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த வழக்கத்தை வகுத்தபோது, யார்மீது அது சுமத்தப்பட்டதோ அவனைக் கேட்டீர்களா?

வேறெங்கும் போக வேண்டாம். காலில் கிடக்கும் செருப்பையே எடுத்துக்கொள்வோம்.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய கொங்கு மன்னன், தென்கொங்கில் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு வழங்கிய ஆணை அது. தன் பதினைந்தாம் ஆட்சியாண்டில், ஆடித் திங்கள் முதல் அவர்களுக்குச் சில உரிமைகளை அவன் 'அருளுகிறான்'. என்னென்ன தெரியுமா? நன்மைக்கும் தீமைக்கும், அதாவது மணவீட்டிலும் பிணவீட்டிலும், இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வீட்டை விட்டு வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கோவையை அடுத்த பேரூரிலும் இதே செய்தி கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கோயிலுக்குக் கல் செதுக்கியவன் கம்மாளன். ஏருக்குக் கொழு அடித்தவன் கம்மாளன். அரசிக்கு அணிகலன் செய்தவனும் அவனே. அத்தகையவன் தன் வீட்டுச் சுவரிலே கொஞ்சம் சாந்து பூச, தன் காலிலே ஒரு செருப்பு மாட்ட, மன்னவனின் ஆணை வேண்டியிருந்தது! அரசன் அனுமதித்தான் என்று கல்வெட்டு பெருமை பேசுகிறது. அனுமதிக்கும் முன்பு என்ன நிலை என்பதை நாம்தான் வரிகளுக்கு இடையே படித்தறிய வேண்டும். வரலாற்று ஆசிரியர்கள் கொங்கின் வீரத்தைப் பாடலாம், கொடையைப் பாடலாம். அந்தக் கல்லோ, செருப்பில்லாமல் நடந்த கால்களின் கொப்புளங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேட்டுப் பெற்ற சலுகை, கேட்காதவனுக்குக் கிடைக்காது. கம்மாளனின் கால் ஏறியது. அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவன் கால் வெறுங்காலாகவே கிடந்தது. சலுகையின் குணம் அது. படிக்கட்டிலே ஒருவனை ஒரு படி ஏற்றிவிட்டுப் படிக்கட்டை அப்படியே காத்துக்கொள்ளும்.

கொங்கிலே காலுக்கு நேர்ந்தது நாஞ்சில் நாட்டிலே மார்புக்கு நேர்ந்தது. தோள்சீலைக்காகப் பெண்கள் பல்லாண்டுகள் போராடிய பிறகு, 1859 சூலை 26இல் திருவிதாங்கூர் மன்னர் பிரகடனம் வெளியிட்டார். மார்பை மூடிக்கொள்ளலாம் என்றார். ஆனால், உயர்சாதிப் பெண்கள் மூடும் முறையிலே மூடக்கூடாது என்றும் சேர்த்தே சொன்னார்! மானத்தைக் காத்துக்கொள், ஆனால் எங்களைப்போல் தோன்றாதே! குறியீட்டின் உள்நோக்கம் இதைவிடப் பச்சையாக வெளிப்பட்டதுண்டா? துணியின் நீளம் பற்றிய கவலையா அது? இல்லை. பார்த்த மாத்திரத்தில் மேல் யார், கீழ் யார் என்று தெரிந்தாக வேண்டுமே என்ற கவலை!

"அதெல்லாம் மன்னராட்சிக் காலத்துக் கதை. இன்று யார் செருப்பைப் பார்க்கிறார்கள்?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொள்ளாச்சிக்குக் கிழக்கே, உடுமலையைத் தாண்டி, மடத்துக்குளம் வட்டத்திற்கு அழைத்துப் போகிறேன். அங்கே ராஜாவூர் என்றோர் ஊர். அவ்வூரின் கம்பள நாயக்கன் தெருவிலே தாழ்த்தப்பட்ட மக்கள் செருப்பணிந்து நடக்கக் கூடாதென்ற தடை இருந்துவந்தது. 2023 டிசம்பர் 24 அன்று அறுபது பேரளவில் திரண்டு, தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் துணைநிற்க, காலில் செருப்போடு அந்தத் தெருவிலே நடந்தார்கள். நடந்தது எந்த ஆண்டில்? இந்திய விண்கலம் நிலவின் தென்பகுதியில் இறங்கிய அதே ஆண்டில்! நிலவை மிதிக்க நான்கு இலட்சம் கிலோமீட்டர் போக முடிந்த நாட்டிலே, சொந்த ஊரின் ஒரு தெருவை மிதிக்க ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

அந்தத் தடையைக் காத்து நின்றது எது என்று அப்போது வந்த செய்திகள் சொல்லின. தெருவின் அடியிலே மந்திரித்த பொம்மையொன்று புதைக்கப்பட்டிருக்கிறதாம்! தாழ்த்தப்பட்டவர் செருப்போடு நடந்தால் மூன்று மாதத்தில் செத்துப்போவார்களாம்! என்னே பொம்மையின் புலமை! காலைப் பார்த்தே சாதியைக் கண்டறியும் பொம்மை! மேல்சாதிச் செருப்பு போனால் உறங்கும், கீழ்சாதிச் செருப்பு வந்தால் விழிக்கும்! தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950 சனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. இத்தனை சட்டங்களும் டெல்லியிலே இருக்க, தெருவிலே ஆட்சி செய்தது ஒரு பொம்மை! சட்டத்தால் இனி மிரட்ட முடியாது என்று தெரிந்த இடத்தில், மிரட்டும் வேலையை மூடநம்பிக்கையிடம் ஒப்படைக்கிறார்கள். பகுத்தறிவுப் பிரசாரத்தையும் சாதி ஒழிப்பையும் பெரியார் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று கேட்கும் இளைஞர்கள் அந்தத் தெருவைப் பார்த்துத் தெளியட்டும்.

இதிலே இன்னொரு விந்தை உண்டு. கொங்கு மண்ணிலே கவலை இறைத்த காலத்தை முதியோர் இன்றும் பெருமையோடு சொல்வர். ஆழக் கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைத்தார்கள். அந்தப் பறிக்குத் தோல் தைத்துத் தந்தவர் யார்? அருந்ததியர். மாட்டை அறுத்துத் தோலைப் பதப்படுத்தித் தைத்த கை அவர்களுடையது. அந்தத் தோல் கிணற்றுக்குள் இறங்கியது, நீரைத் தொட்டது. அந்த நீர் நெல்லுக்குப் பாய்ந்தது, கரும்புக்குப் பாய்ந்தது, மஞ்சளுக்குப் பாய்ந்தது. மஞ்சள் கோயிலுக்குப் போனது. எங்கேயாவது தீட்டுப் பட்டதா? இல்லை! அதே தோலை அதே கை செருப்பாகத் தைத்துப் பண்ணையார் காலிலே போட்டது. தீட்டுப் பட்டதா? அதுவும் இல்லை! தைத்தவன் தன் காலிலே அதை மாட்டிய உடனே தெருவே தீட்டாகிவிட்டது! ஆகவே, தீட்டு தோலிலும் இல்லை, தொழிலிலும் இல்லை. உழைப்பைத் தர வேண்டியவன், நிமிர்ந்து நடக்கக் கூடாது. இதற்குப் பெயர் ஆசாரம் என்றால், கொள்ளைக்குப் பெயர் கொடை என்போம்!

"நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, அவர்களாகவே கழற்றுகிறார்கள், மரியாதைக்காகக் கழற்றுகிறார்கள்" என்பது அடுத்த வாதம். சற்றே வலுவான வாதம். எனவே விடை சொல்லத்தான் வேண்டும். மரியாதையா, அச்சமா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒரு நாள் கழற்றாமல் நடந்து பார்க்கட்டும். மறுநாள் தோட்டத்திலே வேலை கிடைக்கிறதா? கடையிலே கடன் கிடைக்கிறதா? எல்லாம் வழக்கம்போல் நடந்தால், கழற்றியது மரியாதை. வேலையும் நின்று, வசையும் வந்தால், கழற்றியது அச்சம். மறுக்கும் உரிமை இல்லாதவன் காட்டும் பணிவை மரியாதை என்று கணக்கெழுதுவது கள்ளக்கணக்கு.

மரியாதை என்றதும் நம் கொங்குத் தமிழ் நினைவுக்கு வருகிறது. "வாங்க, இருங்க, சாப்பிடுங்க" என்று சின்னக் குழந்தையையும் பன்மையிலே அழைக்கும் மொழி என்று நாடே மெச்சுகிறது. மெச்சத்தக்கதுதான். ஆனால் தோட்டத்திலே அறுபது வயது அருந்ததியர் பெரியவரை, பள்ளிக்கூடம் போகும் சிறுவன் பெயர் சொல்லி "வாடா" என்று அழைப்பதையும், அவர் அந்தச் சிறுவனை "சின்னப் பண்ணாடி" என்று கூப்பிடுவதையும் இதே மண்ணில் கேட்டவர் இல்லையா? நாவினிக்கும் 'ங்க' அந்த வரப்போடு நின்றுவிடுவானேன்? 2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்போம். ஏட்டை விட்டுச் சொல் போகலாம். நாவை விட்டுப் போக வைப்பது அரசாணையால் முடியாது. அது நம் வேலை.

தேநீர்க் கடைக்கு வருவோம். தென்னைக்குப் பேர்போன இப்பகுதியில், அந்தத் தென்னை தந்த கொட்டாங்குச்சியிலே ஒரு சாராருக்குத் தேநீர் ஊற்றிய காலம் இருந்தது. பிறகு தனிக் குவளை வந்தது. இரட்டைக் குவளையை எதிர்த்துப் பெரியார் இயக்கத் தோழர்கள் போராடினார்கள். குவளை மறைந்தது, பல கடைகளிலே காகிதக் குவளை அதன் இடத்தில் அமர்ந்தது. எல்லாருக்கும் காகிதம் என்றால் நமக்கு வழக்கில்லை. ஒருவருக்குக் கண்ணாடி, மற்றவருக்குக் காகிதம் என்றால், பழைய கொட்டாங்குச்சி வெள்ளை உடுத்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்றே பொருள். குறியீட்டின் தந்திரம் அதுதான். உருவை மாற்றும், உள்ளத்தை மாற்றாது.

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓர் ஆசிரியன் பேசாதிருப்பது தகாது. 2025 ஏப்ரலில், நம் பக்கத்துக் கிணத்துக்கடவு வட்டாரத்தின் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுத நேர்ந்தது. காணொளி வெளியான பின்னரே தலைமை ஆசிரியர்மீது நடவடிக்கை வந்தது. வாசற்படி கல்தான், ஆனால் உள்ளே இருப்போருக்கும் வெளியே இருந்தவளுக்கும் அது என்ன பாடம் சொல்லிக்கொடுத்திருக்கும்? உடலின் இயல்பு குற்றம் என்ற பாடத்தை, எந்தப் புத்தகமும் இல்லாமல் அந்தக் கல் நடத்திவிட்டது. தென்மாவட்டங்களிலோ மாணவர் கையில் சாதிக்கு ஒரு வண்ணக் கயிறு. 2023 ஆகத்தில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையில் கயிறு முதலிய அடையாளங்களைத் தடை செய்யச் சொன்னது. "கயிறுதானே!" என்று கேலி பேசியவர்கள் உண்டு. கயிறுதான். ஆனால் அடிக்க வேண்டியவன் யார் என்று கூட்டத்திலே காட்டிக்கொடுக்கும் கயிறு!

இளைஞர்களே! இதுவரை மற்றவர்களைக் கேட்டோம். இனி நம்மையும் கேட்போம். நமக்கும் குறியீடுகள் உண்டு. கருப்புச் சட்டை உண்டு, தோளிலே துண்டு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களையும் குறிகளையும் துறக்கத் தீர்மானம் செய்தது. அதன் பிள்ளைகள் நாம். கருப்புச் சட்டையோடு கடையிலே கண்ணாடிக் குவளையில் தேநீர் பருகிவிட்டு, அடுத்தவர் கையில் எந்தக் குவளை என்று திரும்பிப் பாராமல் போகிறவர் உடுத்தியிருப்பது வெறும் துணி. மேடையிலே மாலை மாற்றி மணம் முடித்துவிட்டு, பெண் தேடும்போது மட்டும் சொந்தச் சாதிக்குள்ளேயே தேடியிருந்தால், அந்த மாலை வெறும் பூ.

நம் குறியீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டமே இலக்கணம். இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். அந்தச் சட்டத்தின் உயிர் 'அல்லது' என்னும் சிறு சொல்லில் இருக்கிறது. தாலி கட்டாதே என்று அது மிரட்டவில்லை. தாலி இல்லாவிட்டால் மணமே இல்லை என்ற கட்டளையை உடைத்தது. கட்டுவதும் விடுவதும் கட்டிக்கொள்வோர் விருப்பம் என்றாக்கியது. கட்டளையாக இருந்ததை உடன்பாடாக மாற்றிய சொல் அது. அந்த 'அல்லது' இன்னும் தெருவுக்கு வரவில்லை, தேநீர்க் கடைக்கு வரவில்லை, தோட்டத்துக்கு வரவில்லை.

கொண்டுவர வேண்டியவர் யார்? மன்னர்கள் போய்விட்டார்கள், கல்லிலே ஆணை வெட்ட இனி யாரும் வரப்போவதில்லை. ஆகவே கேளுங்கள். கடையிலே கேளுங்கள், "ஏன் இவருக்கு மட்டும் காகிதக் குவளை?" வீட்டிலே கேளுங்கள், "ஏன் அப்பா அந்தப் பெரியவரை 'வாடா' என்கிறீர்கள்?" ஊரிலே கேளுங்கள், "எந்தத் தெருவிலே எவர் செருப்பைக் கழற்றுகிறார்?" கழற்றும் தெரு ஒன்று மிச்சமிருந்தால், முதலில் கழற்றச் சொல்லப்பட்டவரின் பக்கத்திலே போய் நில்லுங்கள். அவர் நடக்கத் துணியும் நாளில், அவருக்கு முன்னால் அன்று, அவரோடு சேர்ந்து நடவுங்கள்.

புதைத்த பொம்மை எதுவும் எழுந்து வராது. எழ வேண்டியவர்கள் நாம்தான்!