பட்டமும் பாத்தியதையும்

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவரும் தோழர்கள் தேசிங்குராஜன் கதையைப் பேசுகிறார்களேயொழிய, ஆர்க்காட்டு நவாபு பட்டம் அந்தக் கோட்டை முற்றுகையில் பிறந்தது என்பதை நினைப்பதில்லை. 1690 முதல் 1698 வரை செஞ்சியை முற்றுகையிட்ட ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கானே முதல் நவாபு. அன்று அது வெறும் உத்தியோகம். படை நடத்தவும் வரி தண்டவும் டில்லி பாதுஷா கொடுத்த வேலை. பாதுஷாவின் பலம் குறைந்ததும் அது வீட்டுச் சொத்தாயிற்று. சாதத்துல்லாகானுக்குப் பிள்ளையில்லை, 1732ல் சகோதரன் மகன் தோஸ்த் அலி வந்து உட்கார்ந்தார். யோக்கியதை என்ன என்று குடிகளை யார் கேட்டார்கள்?

பிறகு வந்த முகம்மதலி, வெள்ளைக்காரரிடம் கடன் வாங்கிக் குவித்து, சீமைகளின் வரிப்பணத்தையே கடன்காரருக்கு ஈடாக எழுதிக்கொடுத்தார். கடன் பட்டவர் நவாபு. கட்டியவன் ஏர் பிடித்தவன்! 1801ல் உடன்படிக்கைப்படி ஆட்சி முழுதும் கம்பெனிக்குப் போயிற்று. நவாபுக்கு வருமானத்தில் ஐந்திலொரு பங்கு. அதாவது வேலை போயிற்று, கூலி நின்றபாடில்லை. 1855ல் சந்ததியின்றி நவாபு இறந்தபோது டல்ஹௌசி பட்டத்தையும் ரத்து செய்தான். ஆனால் 1867ல் விக்டோரியா ராணி, இறந்தவரின் சிற்றப்பன் அசீம் ஜாவுக்கு 'ஆர்க்காட்டு இளவரசர்' என்று புதுப்பட்டம் அளித்தாள். நாடில்லை, படையில்லை, பட்டமும் உபகாரச் சம்பளமும் மட்டும் பரம்பரையாயின.

நாம் மதத்தைப் பற்றிப் பேசவில்லை. ஜமீன்தார் பட்டத்துக்கும் இதே கேள்விதான். ஸ்பெயின் தேசத்தில் 1931ல் குடியரசு நீக்கிய பிரபுப் பட்டங்களை 1948ல் பிராங்கோ சர்க்கார் மறுபடி கொண்டுவந்தது. 2006ல் அவற்றுக்கு ஆணைப்போல் பெண்ணும் பாத்தியப்பட்டவளே என்று சட்டம் செய்தார்கள். பெண்ணுக்குச் செய்த நியாயம் சரி; பிறந்ததற்கே மரியாதை என்ற அநியாயம் அப்படியே இருக்கிறதே!

நம் அரசியல் சட்டத்தின் 18வது பிரிவு, படை, கல்வி சம்பந்தமானவை தவிர வேறு பட்டங்களைச் சர்க்கார் வழங்கக் கூடாதென்கிறது. 1971ல் சமஸ்தானாதிபதிகளின் மானியமும் ஒழிந்தது. ஆர்க்காட்டார் சமஸ்தானாதிபதி அல்லவாம். ஆகையால் அதில் சேரவில்லை! ஆளாதவருக்கு ஆண்டவரைவிட நல்ல காலம். நம் ஜில்லாவின் கிராமங்களிலே தகப்பனுக்குப் பின் மகன் என்று வந்த கர்ணம், மணியக்காரர் வேலைகளை 1980ல் ஒரே உத்தரவில் எடுத்தார்கள். அவர்களாவது கணக்கு எழுதினார்கள்.